பழைய 486, பென்டியம் கணினியில் நெட்பிஎஸ்டி: பாகங்களைச் சோதிப்பதிலிருந்து கெர்னலைச் சுருக்குவது வரை

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பழைய கணினியைத் தூசி தட்டி, சிடியைப் போட்டு, நெட்பிஎஸ்டி (லினக்ஸ் போன்ற, யூனிக்ஸ் வகை இலவச இயங்குதளம்) நிறுவலை அந்தக் கணினியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். நிறுவி பாதியில் நின்றால் காரணம் ரேமா, கேபிளா, சிடி டிரைவா, டிஸ்க்கா என்று சொல்ல வழியில்லை. நான்குமே இருபது, முப்பது வருடப் பொருட்கள்.

இங்கே வரிசை வேறு. முதலில் பாகங்கள், பிறகு பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்த நிரல்). நிறுவல் முழுவதும் இன்றைய கணினியில் நடக்கும், பழையதற்குக் கடைசியில், டிஸ்க்குக்குப் பதிலாக, நிறுவியதை எழுதிய மெமரி கார்டு மட்டும் போகும். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு புதிய விஷயம்தான் சேரும், அதனால் தவறு எங்கே என்று தேடவேண்டிய இடமும் ஒன்றே.

## 1. உங்கள் கணினி இதற்குத் தகுமா

முதலில் பார்க்கவேண்டியது மிதவைப் புள்ளிக் கணக்கைச் செய்யும் பகுதி சிப்பிலேயே இருக்கிறதா என்பது. 486டிஎக்ஸ், 486டிஎக்ஸ்2, டிஎக்ஸ்4, பென்டியம் எல்லாவற்றிலும் அது உண்டு. 486எஸ்எக்ஸில் கிடையாது, அதை ஒதுக்கிவிட்டு டிஎக்ஸ் சிப் தேடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஜம்பர் மாற்றினால் அதே சாக்கெட்டில் பொருந்தும்.

386 என்றால் இந்த வழி ஒத்துவராது. நெட்பிஎஸ்டி 5.0 முதல் 386 ஆதரவு இல்லை. லினக்ஸ் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 2013இல் வந்த 3.8 பதிப்பில் அதைக் கைவிட்டது.

லினக்ஸே வேண்டும் என்பவர்கள் விநியோகத்தின் குறைந்தபட்சத் தேவையைப் படித்துவிட்டு இறக்குங்கள். டெபியன் 9 முதல் பென்டியம் ப்ரோ வகைக்குக் கீழே ஓடாது. அதாவது பென்டியம் எம்எம்எக்ஸ்கூட அவுட். டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கு நிறுவியே இல்லை. டைனி கோர் 486டிஎக்ஸிலும் ஓடும், ஆனால் வரைகலைத் திரையோடு வர 46 மெகாபைட் ரேமாவது கேட்கும். நெட்பிஎஸ்டியை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் 32 பிட் பதிப்பு இன்றும் 486ஐ இலக்காக வைத்தே தொகுக்கப்படுகிறது.

ரேம் 64 மெகாபைட் இருந்தால் நிம்மதி. 32 என்றால் 9ஆம் படியில் வரும் சிறிய கெர்னல் கட்டாயம். 16 மட்டுமே இருந்தால் மிகப் பழைய பதிப்பைப் போட்டு, வெளி இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

## 2. கையில் இருக்கவேண்டியவை

- 4 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட்ஃப்ளாஷ்) கார்டு, அதை 40 பின் ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு) கேபிளில் மாட்டும் அடாப்டர், இன்றைய கணினிக்கு ஒரு கார்டு ரீடர்
- மல்டிமீட்டர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ்
- நல்-மோடம் (இரு கணினிகளை நேரடியாக இணைக்கும்) சீரியல் கேபிள், யுஎஸ்பி சீரியல் மாற்றி
- நெட்வொர்க் கார்டு: பிசிஐ ஸ்லாட் இருந்தால் ரியல்டெக் 8139 அல்லது இன்டெல் 8255 வரிசை, ஐஎஸ்ஏ மட்டும் இருந்தால் 3காம் 3சி509 அல்லது என்இ2000 வகை
- இன்றைய கணினியில் க்யூஎமு (கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலிசெய்யும் நிரல்), நெட்பிஎஸ்டி 32 பிட் நிறுவல் சிடியின் ஐஎஸ்ஓ கோப்பு

பழைய ஹார்ட் டிஸ்க்கே ஓடுகிறதே என்று அதில் நிறுவாதீர்கள். இன்று ஓடும், நாளை பேரிங் பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள தகவல் முக்கியமென்றால் முழு நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

சீரியல் கேபிளைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பூட் ஆகும்போது திரையில் ஓடும் செய்திகளைத் திரும்பப் படிக்க அதைவிட எளிய வழி இல்லை. பிழை வந்த வரி மேலே போய்விட்டால் ஃபோனில் படமெடுத்தாலும் பயனில்லை.

## 3. மின்சாரம் கொடுப்பதற்கு முன்

மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருந்தால் முதல் வேலை அதை வெட்டி எடுப்பது. 386, 486 போர்டுகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். கசிந்த காரம் அருகிலுள்ள செம்புத் தடங்களையும் கீபோர்டு சாக்கெட்டையும் அரித்துக்கொண்டே போகும். பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு தெரிந்தால் வெள்ளை வினிகரில் தொட்டுத் துலக்கி, பிறகு ஆல்கஹாலால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

காசு வடிவ சிஆர்2032 என்றால் புதிதாக மாற்றுங்கள். டல்லஸ் என்று அச்சிட்ட கறுப்புப் பெட்டி என்றால் பேட்டரி அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். அது தீர்ந்திருந்தால் முழு மாட்யூலையும் மாற்றவேண்டும். தேதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பேட்டரி இல்லாத பயாஸ் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் டிஸ்க் அமைப்பை மறக்கும், நேற்று பூட் ஆன கார்டு இன்று ஆகாது.

1999க்குப் பிந்தைய போர்டுகளில் மின்தேக்கிகளின் மேற்புறத்தைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அவற்றை மாற்றாமல் மேலே போகாதீர்கள். அப்படிப்பட்ட போர்டு மெமரி சோதனையில் தேறிவிட்டு, வேலைப்பளு ஏறும்போது காரணமே தெரியாமல் உறையும்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கும்போது உதவாத ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சுமையாக மாட்டுங்கள். சுமை இல்லாமல் பழைய சப்ளைகள் பல கிளம்பாது, கிளம்பினாலும் தவறான அளவு காட்டும். சிவப்பு-கறுப்பு இடையே 4.75 முதல் 5.25 வோல்ட், மஞ்சள்-கறுப்பு இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் இருக்கவேண்டும்.

ஏடி வகை சப்ளையில் போர்டுக்கு இரண்டு தனிப் பிளக்குகள் வரும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் அடுத்தடுத்து வரும்படி மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் போர்டு அங்கேயே முடிந்தது.

ரேம் வங்கி கணக்கு: 486இல் 30 பின் சிம் (ரேம் பலகை) என்றால் நான்கு நான்காக, 72 பின் என்றால் ஒன்றொன்றாக. பென்டியத்தின் பஸ் 64 பிட் என்பதால் 72 பின் சிம் ஜோடியாகத்தான் வேலை செய்யும். வங்கி நிறையாவிட்டால் அந்த ரேம் கணக்கிலேயே வராது, அல்லது பீப் சத்தம் மட்டும் வரும்.

இன்டெல் 430 வரிசையின் எஃப்எக்ஸ், விஎக்ஸ், டிஎக்ஸ் (TX) சிப்செட்டுகள் முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டுமே கேஷ் (வேகமான இடைநினைவகம்) தரும். அதற்கு மேல் ரேம் போட்டுவிட்டு 'கூட்டினேன், மெதுவாகிவிட்டது' என்று குழம்புபவர்கள் ஏராளம். இந்தப் போர்டுகளில் 64 போதும்.

எல்லாம் மாட்டியபின் மெம்டெஸ்ட்86+ நிரலின் பழைய 4ஆம் வரிசைப் பதிப்பை ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டுங்கள். குறைந்தது இரண்டு முழுச் சுற்று. ஒரு பிழை வந்தாலும் சிம்களைக் கழற்றி, முனைகளை ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். பாதி நேரம் அதோடு சரியாகிவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு வங்கியாக மாற்றிப் பார்க்கவேண்டும்.

## 4. பயாஸ்: நிறுவலுக்குப் பிறகல்ல, முன்பே

அடாப்டரில் கார்டைப் பொருத்தி, மாஸ்டர் ஜம்பர் வைத்து, முதல் ஐடிஇ கேபிளில் தனியாக மாட்டுங்கள். கூட இன்னொரு டிரைவ் வேண்டாம். சில சிஎஃப் கார்டுகளுக்குக் கூட்டாளி பிடிக்காது. ஸ்லேவாக வைத்தால் தெரியவே தெரியாது.

பயாஸில் தானாக டிஸ்க் கண்டறியும் பக்கத்துக்குப் போனால் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்களும் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று ஒரு முறையும் காட்டும். எல்பிஏவைத் தேர்ந்து, அந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படி இந்தத் தாள் இல்லாமல் நகராது.

காரணம் இது. நெட்பிஎஸ்டியின் கெர்னல் எழுந்தபின் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும், பயாஸை மதிக்காது. ஆனால் அந்தக் கெர்னலைக் கார்டிலிருந்து எடுத்துத் தருவது பயாஸ்தான். பழைய பயாஸுக்குச் செக்டர் முகவரி இந்த மூன்று எண்களாகத்தான் புரியும். கார்டில் எழுதிய கணக்கும் பயாஸ் போடும் கணக்கும் வேறானால் அது தவறான இடத்தைப் படித்துவிட்டு நிற்கும். எனவே இப்போது தேர்ந்த முறையைப் பிறகு மாற்றவே கூடாது.

எல்பிஏ என்ற தேர்வே இல்லாத பயாஸுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்தான் எல்லை. பெருக்கினால் 52,84,82,304 பைட், அதாவது 504 மெபிபைட். அதற்காக 4 ஜிபி கார்டைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. ரூட் (இயங்குதளத்தின் முதன்மை) பகுதியை முதல் 400 மெகாபைட்டுக்குள் அடக்கி, மற்றதை யுஎஸ்ஆர் பகுதியாகப் பிரித்தால் போதும். பயாஸ் படிக்கவேண்டிய பூட் கோப்பும் கெர்னலும் எல்லைக்குள் இருக்கின்றன. மீதியைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். பிந்தைய பயாஸ்களிலும் 8.4 ஜிபியில் ஓர் எல்லை, 33.8 ஜிபியில் ஓர் எல்லை உண்டு. இரண்டாவதைத் தாண்டிய டிஸ்க்கை மாட்டினால் சில போர்டுகள் கண்டறியும் இடத்திலேயே உறைந்துவிடும். 4 ஜிபி கார்டைச் சொன்னது இந்தத் தொல்லைகளுக்காகத்தான்.

இன்னும் இரண்டு அமைப்புகள். 'பிளக் அண்ட் ப்ளே ஓஎஸ்' என்று கேட்டால் 'நோ' கொடுங்கள். கார்டுகளுக்கு இன்டரப்ட் ஒதுக்கும் வேலையைப் பயாஸே முடித்துவிடும். ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு போடுவதாக இருந்தால் ஐஆர்க்யூ (இன்டரப்ட் எண்) 10ஐ ஐஎஸ்ஏவுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

## 5. நிறுவல், இன்றைய கணினியில்

நிறுவியின் கெர்னலுக்குள் முழு ரேம்டிஸ்க் (ரேமிலேயே இருக்கும் டிஸ்க்) ஒன்று அடங்கியிருக்கிறது. அதனால் நிறுவியபின் ஓட ஆகும் ரேமைவிட நிறுவ ஆகும் ரேம் அதிகம். 32 மெகாபைட் கணினியில் ஓடக்கூடிய அமைப்பை அதே கணினியில் நிறுவ முடியாமல் போவது இதனால்தான். க்யூஎமுவில் அந்தக் கவலை இல்லை.

முதலில் 3,600 மெகாபைட்டில் ஒரு ரா வகை டிஸ்க் கோப்பு உருவாக்குங்கள். 4 ஜிபி என்று எழுதிய கார்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் சில பத்து மெகாபைட் வித்தியாசப்படும். சற்றுச் சிறிதாக வைத்தால் எந்தக் கார்டிலும் அடங்கும்.

க்யூஎமுவுக்கு 128 மெகாபைட் ரேம், ஐடிஇ டிஸ்க், வெர்ச்சுவல் ரேண்டம் சாதனம் ஒன்று கொடுத்து ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்யுங்கள். டிஸ்க்கை விர்ட்டியோ (மெய்நிகர் கணினிகளுக்கே உரிய) வகையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐடிஇ என்றால் இங்கேயும் பழைய கணினியிலும் அதன் பெயர் டபிள்யூடி0தான். விர்ட்டியோவில் வேறு பெயர் வந்து, மவுண்ட் பட்டியலில் அதுவே பதிந்து, கார்டை மாற்றியதும் ரூட் கிடைக்காமல் நிற்கும்.

நிறுவியில் கவனிக்கவேண்டிய இடங்கள் நான்கு.

பகிர்வு அட்டவணை. ஜிபிடி, எம்பிஆர் இரண்டையும் காட்டும். எம்பிஆர்தான். ஜிபிடியைப் பழைய பயாஸிடம் கொடுத்துச் சிக்கலை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஜியாமெட்ரி, அதாவது அந்த சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள். 'இது சரியா, கையால் தருகிறீர்களா' என்று கேட்கும்போது கையால் தருவதைத் தேர்ந்து தாளில் உள்ள ஹெட், செக்டர் எண்களைக் கொடுங்கள். சிலிண்டர் மட்டும் டிஸ்க் கோப்பு சிறியது என்பதால் சற்றுக் குறையும், அது பரவாயில்லை. ஹெட்டும் செக்டரும்தான் ஒத்துப்போகவேண்டும்.

பகுதிகள். நெட்பிஎஸ்டி பகுதியை ஆக்டிவ் என்று குறியுங்கள். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) 128 மெகாபைட் போதும். 504 எல்லை இல்லாத கணினி என்றால் ஸ்வாப் போக மற்றதெல்லாம் ஒரே ரூட்டாக இருக்கலாம். வார், டெம்ப் என்று தனித்தனியாகப் பிரித்தால் சின்னக் கார்டில் ஒன்று நிரம்பி இன்னொன்று காலியாகக் கிடக்கும்.

தொகுப்புகள். கெர்னல், மாட்யூல், பேஸ், ஈடிசி, ரெஸ்க்யூ இவை போதும். மேன் பக்கங்கள் வேண்டுமென்றால் சேருங்கள். கம்பைலர் தொகுப்பை விடுங்கள். 32 மெகாபைட்டில் ஜிசிசி ஓடினால் நேரமெல்லாம் ஸ்வாப்பில்தான் போகும், கார்டும் தேயும்.

## 6. கார்டில் எழுதுவதற்கு முன் முடிக்கவேண்டியவை

நிறுவல் முடிந்ததும் அதே டிஸ்க் கோப்பைக் க்யூஎமுவிலேயே பூட் செய்து, கீழுள்ளவற்றை அங்கேயே முடியுங்கள். க்யூஎமுவில் நொடியில் நடப்பது பழைய கணினியில் நிமிடக்கணக்கில் ஆகும்.

எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி) சாவிகள் முதல் பூட்டில் தானாக உருவாகும். 486இல் ஆர்எஸ்ஏ சாவிக்கு மட்டும் பல நிமிடம் பிடிக்கும். திரையில் எதுவும் நகராததால் உறைந்துவிட்டது என்று நினைத்து ரீசெட் அடிப்பார்கள், அடுத்த பூட்டில் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் வேலை வேறு சேர்ந்துகொள்ளும்.

இதோடு ஒட்டிய சிக்கல் என்ட்ரோபி. நெட்பிஎஸ்டி 10, போதுமான சீரற்ற தன்மை கிடைக்கும்வரை சாவி கேட்கும் நிரல்களைக் காத்திருக்க வைக்கும். பழைய சிப்பில் அதற்கான ஹார்டுவேர் கிடையாது. க்யூஎமுவில் ரேண்டம் சாதனம் கொடுக்கச் சொன்னது இதற்குத்தான். முறையாக ஷட்டவுன் செய்தால் சேர்ந்த சீரற்ற தகவல் (வித்து) வார் அடைவின் கீழ் ஒரு கோப்பில் சேமிக்கப்பட்டு அடுத்த பூட்டுக்குப் பயன்படும். பின்னாளில் அது தொலைந்தால், இன்றைய கணினியின் யூரேண்டம் சாதனத்திலிருந்து 32 பைட்டை ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டு போய், பழைய கணினியின் ரேண்டம் சாதனத்துக்குள் எழுதிவிடலாம்.

ரூட்டின் மவுண்ட் வரியில் 'லாக்', 'நோஎடைம்' இரண்டையும் சேருங்கள். முதலாவது இருந்தால், மின்சாரம் போய் வந்தபின் முழுக் கார்டையும் சரிபார்க்கவேண்டியதில்லை. இரண்டாவது, கோப்பைப் படிக்கும்போதெல்லாம் நேரத்தை எழுதும் வீண் வேலையை நிறுத்தும். டெம்ப் அடைவை ரேமில் வைக்கும் டெம்ப்எஃப்எஸ் இங்கே வேண்டாம். ரேம்தான் இல்லாத பொருள்.

தொடக்கச் சேவைகளில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். வாராந்திர வேலைகளின் அமைப்புக் கோப்பில் மேன் பக்க அட்டவணையையும் லொகேட் தரவுத்தளத்தையும் புதுப்பிப்பதை 'நோ' ஆக்குங்கள். வார இறுதி அதிகாலையில் கணினி திடீரென்று மணிக்கணக்கில் திணறினால் இவைதான் காரணம்.

கடைசியாக, பூட் அமைப்புக் கோப்பில் கன்சோல் சாதனமாகக் காம்0ஐக் (முதல் சீரியல் போர்ட்) குறிப்பிட்டு, வேகத்தை 9600இல் வையுங்கள். உடனே 115200 போடாதீர்கள். 8250, 16450 வகைச் சீரியல் சிப்புகளில் வரும் எழுத்துகளைத் தேக்கிவைக்க இடமில்லை. வேகம் கூடினால் 'சைலோ ஓவர்ஃப்ளோ' என்று எண்ணிக்கையோடு கெர்னல் புகார் சொல்லும், நீங்கள் தட்டிய எழுத்துகள் நடுவில் காணாமல் போகும். 16550ஏ சிப் இருப்பது உறுதியானபின் ஏற்றிக்கொள்ளலாம்.

## 7. கார்டும் முதல் பூட்டும்

டிடி கட்டளையால் டிஸ்க் கோப்பைக் கார்டில் எழுதுங்கள். எழுதும் சாதனத்தின் பெயரை இருமுறை சரிபாருங்கள்: கார்டைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் சாதனப் பட்டியலை எடுத்து, புதிதாக வந்தது எது என்று பாருங்கள். பகிர்வின் பெயரில் இல்லாமல் முழுச் சாதனத்தின் பெயரில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் பூட் செக்டர் தவறான இடத்தில் போய் உட்காரும்.

டிஸ்க் கோப்பை அழிக்காமல் வையுங்கள். கார்டு கெட்டால் சில நிமிடத்தில் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

முதல் பூட்டில் எங்கே நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

பயாஸ் செய்திக்குப் பின் வெறும் கர்சர், அல்லது பூட் லோடர் வருவதற்குள் ஒரு வரிப் பிழை. ஜியாமெட்ரி ஒத்துப்போகவில்லை. பயாஸின் எண்களை மறுபடி பாருங்கள். க்யூஎமுவில் எஃப்டிஸ்க் கட்டளையின் 'பி' விருப்பத்துக்குச் சிலிண்டர், ஹெட், செக்டர் கொடுத்து அட்டவணையைத் திருத்தி மீண்டும் எழுதலாம். முழு நிறுவலையும் திரும்பச் செய்யவேண்டாம்.

பூட் லோடர் வருகிறது, கெர்னல் ஏறும்போது பிழை. கெர்னல் கோப்பு பயாஸின் எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டது. ரூட் பகுதியைச் சிறிதாக்கவேண்டும்.

கெர்னல் செய்திகள் ஓடி, 'ரூட் டிவைஸ்' என்று கேட்டு நிற்கிறது. கெர்னலுக்கு டிஸ்க் தெரியவில்லை அல்லது பெயர் வேறு. மேலே உள்ள செய்திகளில் டபிள்யூடி0 வந்ததா என்று சீரியல் பதிவில் தேடுங்கள்.

டபிள்யூடி0 வந்தபின் 'லாஸ்ட் இன்டரப்ட்', டிஎம்ஏ (சிப்பை இடையில் வைக்காமல் டிஸ்க் தகவலை ரேமுக்கு நேராக அனுப்பும் முறை) பிழை என்று அரை நிமிடத்துக்கு ஒரு வரி. பலரும் கார்டு பழுது என்று தூக்கிப் போடுவது இந்த இடத்தில். உண்மையில் மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் டிஎம்ஏவுக்கான இரண்டு கம்பிகளே இணைக்கப்பட்டிருக்காது. கார்டு 'எனக்கு டிஎம்ஏ தெரியும்' என்கிறது, கெர்னல் நம்பி அனுப்புகிறது, பதில் வருவதில்லை.

இதற்கு மருந்து, கெர்னல் அமைப்பில் டபிள்யூடி வரியின் ஃப்ளாக்ஸ் மதிப்பு (மாற்றிய அமைப்பைத் தொகுக்கும் வழி 9ஆம் படியில்). அதில் மூன்று ஹெக்ஸ் இலக்கங்கள், இடமிருந்து வலமாக அல்ட்ரா டிஎம்ஏ, டிஎம்ஏ, பிஐஓ (சிப் வழியாகவே தகவலை நகர்த்தும் பழைய முறை). முதல் இரண்டுக்கும் 'எஃப்' கொடுத்தால் அவை நிற்கும். மூன்றாவது 'சி' என்றால் பிஐஓ 4ஆம் முறையில் மட்டும் பேசும். வேகம் குறையும், ஆனால் 486க்கு அது பெரிய இழப்பில்லை.

## 8. நெட்வொர்க்

பிசிஐ கார்டு என்றால் வேலை சுலபம், மாட்டியதும் தெரியும். க்யூஎமுவில் இருந்த இன்டர்ஃபேஸ் பெயர் இங்கே மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, அமைப்புக் கோப்பில் புதிய பெயரைப் போடுங்கள். 8139 கார்டு ஆர்டிகே0, இன்டெல் கார்டு எஃப்எக்ஸ்பி0.

ஐஎஸ்ஏவில் 3சி509 தானாகவே கண்டறியப்படும். என்இ2000 அப்படியல்ல. கெர்னல் குறிப்பிட்ட முகவரிகளில் மட்டும் தட்டிப் பார்க்கும்: ஹெக்ஸ் 280 போர்ட்டில் ஐஆர்க்யூ 9 என்றால் என்இ0, ஹெக்ஸ் 300இல் ஐஆர்க்யூ 10 என்றால் என்இ1. கார்டின் ஜம்பரையோ அதன் டாஸ் அமைப்பு நிரலையோ கொண்டு 300, 10 என்று வையுங்கள். போர்ட் சரியாக இருந்து ஐஆர்க்யூ மட்டும் தவறினால் கார்டு தெரியும், முகவரிகூடக் கொடுக்கலாம், ஆனால் ஒரு பாக்கெட்டும் போய் வராது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

ஐபி முகவரியை நிலையாகக் கொடுத்துவிட்டால் டிஹெச்சிபி நிரல் எடுக்கும் ரேம் மிச்சம்.

அடுத்தது தேதி. பழைய பயாஸ் தவறான ஆண்டைக் காட்டினால் ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு எல்லாம் சான்றிதழ் பிழையில் முடியும், மென்பொருள் பழசு என்று தோன்றும். முதலில் தேதியைத் திருத்துங்கள்.

எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு மெதுவாகத்தான் இருக்கும். இணைக்கும் பக்கத்தில் இடி25519 சாவியும் சாசா20 சைஃபரும் தேர்ந்தெடுங்கள். ஏஇஎஸ்ஸுக்கான ஹார்டுவேர் இல்லாத சிப்பில் சாசா20தான் வேகம். 486இல் உள்நுழைவதற்குள் இணைப்பு அறுந்தால் சர்வர் அமைப்பில் லாகின் கால அவகாசத்தை 120 நொடியிலிருந்து 300க்கு ஏற்றுங்கள்.

## 9. கெர்னலைச் சுருக்குவது

பொதுவான ஜெனெரிக் கெர்னல், 32 மெகாபைட் ரேமின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். 64 இருப்பவர்கள் இந்தப் படியைத் தள்ளிப் போடலாம். ஜெனெரிக்கில் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியாகாமல் இதைத் தொடாதீர்கள். இரண்டையும் கலந்தால் பிழை எதனுடையது என்று தெரியாது.

பழைய கணினியில் தொகுக்கவேண்டாம். நெட்பிஎஸ்டி மூலக் கோப்புகளோடு வரும் பில்ட் ஸ்கிரிப்ட், எந்த லினக்ஸ் கணினியிலிருந்தும் 32 பிட் கெர்னலைத் தொகுத்துத் தரும். முதலில் அதைக் கொண்டு கருவிகளை உருவாக்கவேண்டும், பிறகு உங்கள் அமைப்புக் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கெர்னல். நிர்வாகி (ரூட்) அனுமதி தேவையில்லை.

ஜெனெரிக் அமைப்பை நகலெடுத்து வேறு பெயரிடுங்கள். பழைய கணினியின் பூட் செய்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கே வராத சாதனங்களை நீக்குங்கள். அதிக இடம் பிடிப்பவை புதிய வரைகலை டிரைவர்கள், ஏசிபிஐ, யுஎஸ்பி, வயர்லெஸ், ஸ்கஸி, ரெய்டு, ஒலி. ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரு குழுவை நீக்கி, தொகுத்து, க்யூஎமுவில் 32 மெகாபைட் ரேமோடு பூட் செய்து பாருங்கள். ஒரு சாதனத்தை நீக்கும்போது அதன்மேல் தொங்கும் சாதனங்களும் போகவேண்டும். இல்லையென்றால் அமைப்பு நிரல் அந்த வரியைக் காட்டி மறுக்கும். பிழைச் செய்தி தெளிவாகவே இருக்கும், பயப்படவேண்டாம்.

கைவைக்கக்கூடாதவை: எஃப்எஃப்எஸ் கோப்பு அமைப்பு, அதன் லாக் வசதி, எல்ஃப்32 இயக்கம், ஸ்கிரிப்ட் இயக்கம், டெர்மினல் சாதனங்கள், ஐஎஸ்ஏ, ஐடிஇ வரிகள். ஸ்கிரிப்ட் இயக்கம் ஏதோ கூடுதல் வசதி என்று நினைத்து நீக்குபவர்கள் உண்டு. கெர்னல் அழகாக எழும், தொடக்க ஸ்கிரிப்ட்கள் ஒன்றுகூட ஓடாது.

பிசிஐ கணினி என்றால் புதிய கெர்னலின் பூட் செய்திகளில் 'நாட் கன்ஃபிகர்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். டிரைவர் இல்லாமல் போன கார்டுகளை அது ஒவ்வொன்றாகக் காட்டும்.

## 10. மென்பொருள் சேர்க்கும்போது

அடிப்படை அமைப்பு 486க்காகத் தொகுக்கப்பட்டது என்பதால் அது ஓடும். வெளித் தொகுப்புகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நிறுவிய நிரல் தொடங்கிய நொடியே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழுந்தால், உங்கள் சிப்பில் இல்லாத கட்டளையை அது கேட்கிறது. மறுபடி மறுபடி நிறுவிப் பயனில்லை.

ரஸ்ட் மொழியின் வழக்கமான 32 பிட் இலக்கு எஸ்எஸ்இ2 இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அது பென்டியம் 4இல்தான் வந்தது. கோ மொழியும் 1.16 பதிப்பிலிருந்து பழைய 387 மிதவைக் கணக்கைக் கைவிட்டது. ஆகவே இவ்விரண்டில் எழுதிய எதையும் பென்டியம் 3 வரை உள்ள கணினிகளில் எதிர்பார்க்காதீர்கள். சி மொழியில் எழுதிய சிறிய நிரல்களைத் தேடுங்கள். உலாவிக்கு லிங்க்ஸ், அஞ்சலுக்கு மட், எடிட்டருக்கு உடன் வரும் விஐ போதும்.

தொகுப்பைச் சேர்ப்பதையும் க்யூஎமுவில் டிஸ்க் கோப்பின்மேல் செய்துவிட்டுக் கார்டை மாற்றி எழுதலாம். அப்போது க்யூஎமுவின் சிப் வகையை 486 என்று கொடுத்து அந்த நிரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடாத கட்டளை அங்கேயே பிடிபடும்.

கெர்னலைப் புதுப்பிக்கும்போது பழையதை ரூட் அடைவிலேயே 'நெட்பிஎஸ்டி.ஓல்ட்' என்ற பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். புதியது எழவில்லையென்றால் பூட் லோடரின் எண்ணிக்கை ஓடும்போது நிறுத்தி, பூட் கட்டளைக்குப் பின் அந்தப் பெயரைத் தட்டினால் போதும், கார்டைக் கழற்றவேண்டியதில்லை. ரூட்டை 400 மெகாபைட்டில் அடக்கியவர்கள் மட்டும் இரண்டு கெர்னலுக்கும் இடமிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.